குண்ட்லகம்மா ஆற்றில் 2,222 பேர்

"பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மதம் மாறினவங்கதானே நீங்க?" சேரியில் பிறந்து தேவாலயத்துக்குப் போகும் பிள்ளைகள் கல்லூரி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார்கள். கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்பார். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மட்டும் நம் தலையில் விழும். அந்த வசைக்கு ஆங்கிலத்தில் 'ரைஸ் கிறிஸ்டியன்' என்று பழைய பெயர் உண்டு. அரிசிக்காகக் கிறிஸ்தவரானவர் என்று பொருள். இந்த வசை எங்கே பொருந்த வேண்டுமோ, எங்கே பொருந்த எல்லா நியாயமும் இருந்ததோ, அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிடுவோம். பெரும் பஞ்சம், அமெரிக்க மிஷனரி, அவர் கையில் கூலிப் பணம், பஞ்சம் முடியும் தறுவாயில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம். இத்தனையும் ஒரே ஊரில் நடந்தன. அந்த ஊர் ஒங்கோல்.

அன்றைய சென்னை மாகாணத்தில்தான் ஒங்கோலும் இருந்தது. நம் பாட்டிமார்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்ன 1876-78 பஞ்சம் நம் ஊர்களைத் தின்றது போலவே நெல்லூர், ஒங்கோல் பக்கத்தையும் தின்றது. அந்தப் பகுதியின் மாதிகாக்கள் தோல் தொழிலாளர்கள். நம் பக்கத்து அருந்ததியரோடு தொழிலாலும் பல இடங்களில் மொழியாலும் தொடர்புடைய மக்கள். இறந்த மாட்டை அப்புறப்படுத்துவது, தோல் பதனிடுவது, செருப்புத் தைப்பது, கமலைச் சாலுக்குத் தோல் கொடுப்பது, ஊர்த் திருவிழாவில் பறையடிப்பது எல்லாம் அவர்கள் மேல் சுமத்தப்பட்ட வேலைகள். அறுவடை முடிந்ததும் களத்தில் அளந்து போடுவதுதான் கூலி. இறந்த மாட்டின் இறைச்சியும் அந்தக் கூலியில் சேர்த்தி.

கதை பஞ்சத்தில் தொடங்கவில்லை. பத்து வருஷம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால்தான் 'அரிசி' விளக்கம் எடுபடும்.

தல்லகொண்டபாடு என்ற ஊரில் எர்ரகுண்ட்ல பெரய்யா என்ற மாதிகா இருந்தார். தோல் வாங்கி விற்பவர். கிறிஸ்தவத்தைக் கேள்விப்படும் முன்பே அவர் ஆன்மிகத் தேடல் உள்ளவர். ஒரு பெண் குருவிடம் யோகம் பயின்றவர். அந்தக் காலத்துத் தெலுங்கு நாட்டுச் சேரிகளில் இப்படிப்பட்ட குருக்கள் நடமாடினார்கள். உருவ வழிபாடு வேண்டாம், கடவுள் ஒருவரே என்று பேசிய சிறு சிறு பக்திக் கூட்டங்கள் மாதிகாக்களிடையே இருந்தன. பெரய்யா தோல் வாங்க வடக்கே போன பயணத்தில்தான் கிறிஸ்தவத்தைப் பற்றிக் கேட்டார். ஊர் திரும்பி, தேடிப் போய், 1866-இல் தன் மனைவி நாகம்மாவோடு லைமன் ஜூவெட் என்ற மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். மிஷனரி அவரைத் தேடி வரவில்லை, அவர்தான் மிஷனரியைத் தேடிப் போனார் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷன் அப்போது ஏறக்குறைய தோல்வியடைந்த மிஷன். 1836-இல் தொடங்கி முப்பது வருஷமாக விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களையே சேர்த்திருந்தது. மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் பலமுறை விவாதம் நடந்தது. நெல்லூர் என்ற ஒரே நிலையம் மட்டும் இருந்ததால் அதைத் 'தனி நட்சத்திரம்' என்று அழைத்தார்கள். 1866-இல் ஜான் கிளஃப் என்ற இளைஞர் ஒங்கோலுக்குக் குடிவந்தார். மதப் பணிக்கு வருமுன் அமெரிக்காவில் நில அளவையாளராக வேலை பார்த்தவர். 1867 ஜனவரி 1 அன்று எட்டே உறுப்பினர்களோடு ஒங்கோல் சபை தொடங்கியது. அதே மாதம் பெரய்யா கூப்பிட்டதால் கிளஃப் தல்லகொண்டபாட்டுக்குப் போனார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மாதிகாக்கள் சில நாளுக்கு வேண்டிய உணவோடு வந்து புளியந்தோப்பில் தங்கியிருந்தார்கள். பெரய்யா முன்பே அவர்களோடு பேசித் தயார்ப்படுத்தியிருந்தார். 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். செய்தி பரவியது தோல் வியாபாரம் போன பாதைகளிலும், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுகளிலும்தான். வெள்ளைக்காரர் கால் படாத பாளையங்களில் பெரய்யாவின் கால்கள் பட்டிருந்தன.

இதற்கிடையில் ஒங்கோல் நகரத்தில் ஒரு சோதனை வந்தது. கிளஃப் நடத்திய பள்ளிக்கு பிராமணர் வீட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். உயர்சாதிப் பெரியவர்கள் சிலர் மிஷனோடு நெருங்கவும் தொடங்கியிருந்தார்கள். மாதிகாக்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். மேல்சாதியை முதலில் பிடித்தால் கீழே தானாக இறங்கும் என்று அன்றைய மிஷனரிகள் பலர் நம்பினார்கள். கிளஃபுக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. அவரும் அவர் மனைவி ஹாரியட்டும் வீட்டில் வெவ்வேறு அறைகளில் இருந்தபோது, ஒருவர் அறியாமல் ஒருவர் பைபிளைத் திறந்ததாகவும், இருவர் கண்ணிலும் கொரிந்தியருக்கு பவுல் எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரம் பட்டதாகவும் கிளஃப் பின்னாளில் எழுதினார். ஞானிகளையும் வலியவர்களையும் வெட்கப்படுத்த உலகம் அற்பமாக எண்ணுபவர்களைக் கடவுள் தெரிந்துகொள்கிறார் என்ற கருத்து வரும் பகுதி அது. மாதிகாக்கள் சேர்க்கப்பட்டார்கள். உயர்சாதிப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள். அறை அறையாகப் பைபிள் திறந்த அற்புதத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பள்ளியைக் காலி செய்துவிட்டுப் போனவர்களுக்கு மாதிகாவோடு ஒரே பெஞ்சில் உட்காருவது என்றால் என்ன என்று மிகத் தெளிவாகப் புரிந்திருந்தது. அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு எந்த இறையியலும் தேவைப்படவில்லை.

சேர்ந்தவர்களுக்கு மூன்று விதிகள் சொல்லப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது. செத்த மாட்டைத் தின்னக்கூடாது. சிலைகளை வணங்கக்கூடாது. அவ்வளவுதான். மேலோட்டமாகப் பார்த்தால் மிஷனரி ஒழுக்கப் பட்டியல் போலத் தெரியும். நானும் சமூகவியல் வகுப்பில் படித்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் முதலில் இதைப் பார்த்தேன். எம்.என். சீனிவாஸ் சொல்லிக்கொடுத்த 'சமஸ்கிருதமயமாதல்' என்ற கண்ணாடி அது. கீழே உள்ள சாதி மேலே உள்ள சாதியின் பழக்கத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறப் பார்க்கிறது என்பார்கள். இறைச்சியை விட்டால் உடனே அந்த டப்பாவில் போட்டுவிடலாம். ஆனால் இந்த மூன்று விதிகளும் கிராமத்தில் என்ன செய்தன என்று பார்த்தால் அந்த டப்பாவில் இவை அடங்காது.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணையாளுக்கு வார விடுமுறை என்ற ஒன்றே கிடையாது. நடவும் அறுவடையும் நாள் பார்த்து வருவதில்லை. ஆண்டை கூப்பிட்டால் போக வேண்டும். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890-இல், ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோக்கண்டே போராடிய பிறகு. அதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால் ஒங்கோல் பக்கத்து மாதிகாக்கள் 'ஞாயிறு வரமாட்டோம்' என்று சொல்லியிருக்கிறார்கள். சங்கம் இல்லை, சட்டம் இல்லை. சாமி சொன்னது என்ற ஒற்றைக் காரணம் மட்டும் இருந்தது. நிலக்காரருக்கு அது வேலைநிறுத்தமாகத்தான் கேட்டிருக்கும்.

பறை விஷயமும் அப்படித்தான். ஊர் அம்மன் திருவிழாவுக்கு மாதிகா பறையடிக்க வேண்டும். அவன் பறை இல்லாமல் விழா நடக்காது. அவன் தொட்டால் மட்டும் தீட்டு. விதியின்படி சிலை வழிபாட்டில் பங்கு இல்லை என்றால் பறையும் இல்லை. திருவிழா நாளில் பறை ஒலிக்காமல் போனால் ஊர் முழுக்கக் கேட்கும் அமைதி அது. செத்த மாடும் வெறும் உணவுப் பிரச்சினை இல்லை. அந்த இறைச்சியை வாங்கிக்கொள்வது, 'நீ எங்கள் ஊருக்கு இன்னார்' என்ற ஒப்பந்தத்தில் வருஷாவருஷம் கைநாட்டு வைப்பது போல. 1927-இல் மகாடில் அம்பேத்கர் மகர்களிடம் செத்த மாட்டின் இறைச்சியை விடச் சொன்னபோது அவர் உயர்சாதி ஆசாரத்தைப் போதிக்கவில்லை என்று நமக்குத் தெரியும். மாதிகாக்கள் அறுபது வருஷம் முன்பு செய்ததை வேறு அளவுகோலால் அளக்க ஏன் முயல வேண்டும்?

ஊர் என்ன பதில் சொன்னது என்பதுதான் நல்ல சாட்சி. கிணற்றை அடைத்தார்கள். கூலி வேலை தர மறுத்தார்கள். மாடு மேய விடவில்லை. வண்ணான் துணி வெளுக்கக் கூடாது, குயவன் பானை விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பொய் வழக்குகள் வந்தன. வீடுகள் எரிந்தன. வெறும் பெயர் மாற்றத்துக்கும் பாட்டு மாற்றத்துக்கும் யாரும் இத்தனை சிரமம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் பின்னணியோடு இப்போது பஞ்சத்துக்கு வருவோம்.

1876-இல் மழை பொய்த்தது. மாகாணம் முழுக்கப் பல லட்சம் பேர் செத்தார்கள். பிரிட்டிஷ் அரசு நிவாரண வேலை தந்தது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து செலவைக் குறைக்க, நாள் முழுக்க மண் வெட்டும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியை வெட்டினார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதில் மனிதன் உயிர் வாழ முடியாது என்று எதிர்த்து எழுதினார். நிவாரண முகாம்களில் மேஸ்திரிகள் கூலியை விழுங்குவதும், சேரி மக்களை அடித்து விரட்டுவதும் சாதாரணமாக நடந்தன.

அப்போது பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆம், சென்னைக்குள் அழுக்கைச் சுமந்துகொண்டு போகும் அதே கால்வாய்தான். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டும் இந்தப் பஞ்சத்தில்தான் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதன் கரையில் வீடு கட்டி வாழ்ந்த நம் மக்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அள்ளிக்கொண்டு போய்ப் போட்டது தனிக் கதை. கால்வாயைப் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் வெட்டினார்கள் என்பது அந்த வெளியேற்ற உத்தரவுகளில் எங்கும் இருக்காது.

நில அளவை தெரிந்த கிளஃப், ஒங்கோல் பக்கத்தில் சுமார் மூன்றரை மைல் கால்வாயை வெட்டும் ஒப்பந்தத்தைத் தானே எடுத்துக்கொண்டார். தன்னுடைய மாதிகா போதகர்களை மேற்பார்வையாளர்களாக வைத்தார். கூலி ஒழுங்காகக் கைக்கு வந்தது என்ற செய்தி பரவியதும் பல சாதிக்காரர்களும் வந்தார்கள். மாதிகா மேஸ்திரியின் கீழ் மற்ற சாதியினர் மண் சுமந்து, மாதிகா கையால் கூலி வாங்கிய காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேலை ஓய்ந்த நேரங்களில் போதகர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நோய்க்கும் சாவுக்கும் நடுவே நடந்த பேச்சு அது. எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

ஞானஸ்நானம் கேட்டு மக்கள் வந்தார்கள். கிளஃப் மறுத்தார். பதினைந்து மாதம் யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று நிறுத்தி வைத்தார். கூலிக்காக வருகிறார்கள் என்ற பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. நிவாரண வேலை முடிந்து, இனிமேல் என்னிடம் தருவதற்குப் பணம் இல்லை என்று அறிவித்த பிறகும் மக்கள் போகவில்லை. வேறு சபையினர் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்ததும் அவரை அசைத்திருக்கிறது. மிஷனரிகளுக்குள்ளும் போட்டி உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

1878 ஜூலை தொடக்கத்தில் ஒங்கோலுக்கு வடக்கே வெல்லம்பள்ளியில் கூடினார்கள். பக்கத்தில் குண்ட்லகம்மா ஆறு. போதகர்கள் தங்கள் பாளையத்து மக்களை ஊர் வாரியாக அழைத்து வந்திருந்தார்கள். யார் யார் என்று அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் பலரும் சொந்தக்காரர்கள். பெயர்கள் எழுதப்பட்டன. ஜூலை 3 அன்று மட்டும் 2,222 பேர் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆறு போதகர்கள், இரண்டிரண்டு பேராக மாறி மாறித் தண்ணீரில் நின்றார்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர் இறங்குவார். பெரய்யா அந்த ஆறு பேரில் ஒருவர். கிளஃப் தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் இருந்தார். மூன்று நாளில் எண்ணிக்கை மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. அந்த வருஷ முடிவுக்குள் 9,606 பேர்.

முழுக்கு என்பது பாப்டிஸ்டுகளுக்கு அடக்கமும் உயிர்த்தெழுதலும். பழைய ஆள் தண்ணீருக்குள் புதைந்து புது ஆள் எழுகிறார். சமவெளிக் கிராமத்தில் மாதிகாவுக்குக் கிணறு இல்லை, குளத்தில் தனித் துறை, கோயில் குளத்தில் நிழல்கூட விழக்கூடாது. அப்படிப்பட்டவர்கள் ஓடும் ஆற்றில், பகல் வெளிச்சத்தில், பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, தங்கள் சாதிக்காரர் ஒருவரின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் போய் எழுந்தார்கள். இறையியல் புத்தகத்தில் 'மறுபிறப்பு' என்ற சொல் எத்தனை பக்கம் எடுத்துக்கொண்டாலும், அந்த உடம்புகளுக்கு அன்று என்ன பொருள்பட்டிருக்கும் என்பதை என்னால் முழுதாக எழுத முடியாது. 1956 அக்டோபர் 14 நாக்பூரை நினைத்துக்கொள்கிறேன். அங்கேயும் கூட்டமாகத்தான் வந்தார்கள். அங்கேயும் விட்டுவிடுகிறோம் என்று சொன்னவைதான் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னவற்றுக்குச் சமமாக எடை கொண்டிருந்தன.

தனிமனிதர் தனியே உட்கார்ந்து மனசாட்சியோடு போராடி எடுப்பதுதான் உண்மையான மனமாற்றம், கூட்டமாகப் போனால் அது ஆட்டு மந்தை என்று ஒரு வாதம் உண்டு. இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பாளையத்தில் தனி மனிதனாக வாழ முடிந்தால்தானே தனி மனிதனாக முடிவெடுக்க? ஊர் அவனைத் தனி ஆளாக நடத்தியதே இல்லை. கிணற்றை அடைத்தால் எல்லோருக்கும்தான் அடைத்தார்கள். ஆகவே பெரியவர்கள் கூடிப் பேசி, பெண்கள் வீட்டுக்குள் பேசி, தலைக்கட்டு தலைக்கட்டாக முடிவெடுத்தார்கள். அது யோசனை இல்லாத முடிவு என்று எதை வைத்துச் சொல்வது?

யோசிக்கவே தெரியாதவர்கள் என்ற எண்ணம்தான் 'அரிசி' வசைக்கு அடியில் இருப்பது. 1936-இல் ஜான் மாட் என்ற கிறிஸ்தவத் தலைவரோடு பேசும்போது, பசுவிடம் போய் நற்செய்தி சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். தீண்டாதவர்களில் சிலர் மதங்களின் தராதரம் அறிவதில் பசுவைவிட மேலானவர்கள் இல்லை என்ற பொருளில் பேசினார். பெரய்யா ஒரு குருவிடம் யோகம் கற்று, பின்பு அதை விட்டு, தூரதேசம் கேட்டுவந்த ஒரு செய்தியை ஒப்பிட்டுப் பார்த்து, கால்நடையாகப் போய் மிஷனரியைக் கண்டுபிடித்தவர் என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். 2002-இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்திலும் இதே எண்ணம்தான் ஓடியது. சிறுவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரை மதம் மாற்றினால் கூடுதல் தண்டனை. சொந்தப் புத்தி இல்லாதவர்களின் பட்டியல் என்று சட்டமே எழுதிக்கொடுத்த மாதிரி. அந்தச் சட்டம் பின்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. எண்ணம் அப்படியே இருக்கிறது.

சரி, சோறும் ஒரு காரணமாக இருந்திருந்தால்தான் என்ன? பசியில் கிடந்தவனிடம் ஒருத்தர் கூலியைத் திருடாமல் கொடுத்தார். அந்த நேர்மையிலிருந்து அவர் வணங்கும் கடவுளைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது மிக நல்ல தர்க்கம். மடங்களிலும் அக்ரகாரங்களிலும் அன்னதானத்தை நம்பி வேதம் படித்தவர்களை யாரும் 'அரிசி வைதீகர்' என்று அழைத்ததில்லை.

இதுவரை சொன்னதில் நிறைய வெற்றிப் பெருமிதம் வந்துவிட்டது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

மிஷன் ஒரு புரவலனாகவும் ஆனது. கலெக்டருக்கு மனு எழுத, பொய் வழக்கில் பேச, 'துரை' ஒருவர் இருந்தார். அது பலம்தான். ஆனால் துரை கப்பலேறிய பின் அந்தப் பலம் யார் கையில் இருந்தது? ஒங்கோல் சபை பெரும்பாலும் மாதிகா சபையாகவே நின்றது. மாதிகாக்கள் முதலில் வந்துவிட்டார்கள் என்பதாலேயே மாலாக்கள் அங்கே அதிகம் சேரவில்லை, வேறு மிஷன்களின் பக்கம் போனார்கள். ஆற்றில் புதைத்ததாக நினைத்த பழைய ஆள், மாலா - மாதிகா என்று வரும்போது கரையிலேயே காத்திருந்தார் போலும். அந்த இடைவெளியின் அரசியலை இன்றுவரை பார்க்கிறோம். உள் ஒதுக்கீடு கேட்டு 1994-இல் தொடங்கிய மாதிகா தண்டோரா இயக்கம் பிறந்ததும் இதே பிரகாசம் மாவட்டத்து ஈதுமுடி என்ற ஊரில்தான். தண்டோரா என்றால் பறையறைவிப்பு. தாத்தாக்கள் கீழே வைத்த பறையைப் பேரன்கள் வேறு வேலைக்கு எடுத்தார்கள்.

கிளஃப் 1910-இல் இறந்தார். அவருடைய இரண்டாம் மனைவி எம்மா ரௌஷன்புஷ்-கிளஃப் மாதிகா போதகர்களின் வாய்மொழிக் கதைகளைச் சேகரித்து 1899-இல் ஒரு நூல் வெளியிட்டார். செருப்புத் தைத்தபடி சொன்ன கதைகள் என்பது போலத் தலைப்பு. வெள்ளைக்காரப் பார்வை அதில் நிறையவே உண்டு. இருந்தாலும் பெரய்யாக்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பது இப்படிப்பட்ட நூல்களால்தான்.

இப்போது 1985-க்கு வாருங்கள். அதே பிரகாசம் மாவட்டம். காரம்சேடு. மாதிகாக்கள் குடிநீர் எடுக்கும் குளத்தில் கம்மா சாதி இளைஞர்கள் மாட்டுத் தீவன வாளியைக் கழுவி அசுத்தம் செய்தார்கள். தட்டிக் கேட்ட பையனை அடித்தார்கள். தண்ணீர் எடுக்க வந்திருந்த ஒரு பெண், கையிலிருந்த குடத்தை ஓங்கித் தடுத்தார். அவர் பெயர் சுவார்த்தா. தெலுங்கில் அதற்கு 'நற்செய்தி' என்று பொருள், நம் பழைய வேதாகமத் தமிழில் 'சுவிசேஷம்'. பெயரில் கிறிஸ்தவம் இருந்தது, குளம் பழைய குளமாகவே இருந்தது. மறுநாள், ஜூலை 17, கும்பலாக வந்து தாக்கினார்கள். ஆறு மாதிகாக்கள் கொல்லப்பட்டார்கள். பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். தப்பியவர்கள் சீராலாவுக்கு ஓடி, தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அந்த முகாமிலிருந்து எழுந்ததுதான் கத்தி பத்மாராவும் பொஜ்ஜா தாரகமும் வழிநடத்திய ஆந்திர தலித் மகாசபை.

இரண்டு மாதம் கழித்து, 1985 செப்டம்பர் 30 அன்று, டெல்லியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மனுதாரர் சூசை. சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர். கிறிஸ்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, நீ கிறிஸ்தவன், பட்டியல் சாதியில் வரமாட்டாய் என்று அவருக்கு மறுத்துவிட்டார்கள். 1950 ஆகஸ்ட் 10-இல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட ஆணையின் மூன்றாவது பத்தி அப்படிச் சொல்கிறது. அந்தப் பத்தியில் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. நீதிமன்றம் சூசையின் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை, அதே கடுமையோடு, புதிய மதச் சமூகத்துக்குள்ளும் தொடர்கிறது என்று காட்டினால்தான் ஆயிற்று, அதற்கான ஆதாரம் எங்கள் முன் இல்லை என்றது.

காரம்சேட்டில் இரண்டே மாதங்களுக்கு முன் வெட்டியவர்கள், ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வெட்டவில்லை. இந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் ஒரு கண்கட்டு இருக்கிறது. 'கிறிஸ்தவச் சமூகத்துக்குள்' தீண்டாமை உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு, தனிக் கல்லறை, தனித் தெரு என்று தமிழ்நாட்டில் நமக்குப் பட்டியலே உண்டு. அதைப் பற்றி நம் சபைகளோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் சூசையின் கையில் செருப்பைத் தூக்கிப் போட்டவர்கள் சபைக்காரர்கள் மட்டுமா? அவர் வாழ்ந்தது சாலையோரத்தில். சாதி அவரை அங்கே உட்கார வைத்தது. மதம் மாறியதும் எழுந்து நிழலுக்குப் போய்விட்டாரா?

இதன் நடைமுறை விளைவு என்ன என்று களப்பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும். தேவாலயத்தில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். ஆந்திராவில் அவர்களுக்கு 'பி.சி. - சி' என்று தனிப் பிரிவு, ஒரு சதவீதம். 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சான்றிதழைப் பார்த்துத்தான் காப்பாற்றும். ஆகவே 1878-இல் பகலில், ஊரறிய, பெயர் எழுதிக்கொடுத்து ஆற்றில் இறங்கியவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று தங்கள் விசுவாசத்தைத் தாசில்தாருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. அது அலமாரியில் தூங்க, 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

ஆணையங்கள் ஆதாரம் கேட்கின்றன. தோழர்களே, அதில் நம்மால் செய்ய முடிந்த ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் பழைய சபை இருந்தால், அதன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். முதல் பத்துப் பதினைந்து பெயர்களை, வருஷத்தோடு, தொழிலோடு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தெருவிலேயே மூத்தவர்களிடம் போய் உட்காருங்கள். ஏன் மாறினீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் எத்தனையோ முறை கேட்டு அலுத்துவிட்டார்கள், அதற்கு ஒரு தயார்ப் பதிலும் வைத்திருப்பார்கள். அந்த வருஷத்திலிருந்து நம் ஆட்கள் எந்தெந்த வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள், ஊர் அதற்கு என்ன செய்தது, தண்ணீருக்கு எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.